இழுத்துப்போட்டுச் செய்வதை நிறுத்தலாமா? களைத்துப்போனவர் முன் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

யாரும் சொல்லாமலே வேலையை இழுத்துப்போட்டுச் செய்தவர், இன்று காலையில் மெயிலைத் திறக்கவே கை வராமல் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு ஓய்ந்துவிட்டதா, வேலை அலுத்துவிட்டதா, இவ்வளவு செய்தும் மதிப்பில்லையே என்ற ஆத்திரமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. "இனிமேல் வந்தோமா, கொடுத்த வேலையைப் பார்த்தோமா, போனோமா என்று இருந்துவிட வேண்டியதுதான்" என்ற முடிவு பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. அந்த முடிவு பல பேருக்குத் தேவையான முடிவுதான். ஆனால் அது ஐந்து வழிகளில் ஒன்று. உங்கள் கோளாறு எது என்று பார்க்காமல் அதை எடுத்தால், சுமை அப்படியே இருக்கும், பெயர் மட்டும் கெடும்.

சோர்வா, மனக்குறையா?

இரண்டும் ஒரே மாதிரி வலிக்கும், மருந்து மட்டும் வேறு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. ஆற்றல் வற்றிப்போவது ஒன்று. வேலையிலிருந்து மனம் விலகி, எதைப் பார்த்தாலும் கசப்பும் அவநம்பிக்கையும் வருவது இரண்டு. உருப்படியாக எதையும் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் மூன்று. இதை அந்த நிறுவனம் நோய் என்று வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியிருக்கிறது. காரணம் வேலையில் இருக்கிறது, அதனால் வேலையில் ஏதாவது ஒன்று மாறினால்தான் இது தீரும்.

மனக்குறையின் வழி வேறு. சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் அதை ஒரு தராசாக வைத்துப் பார்த்தார். ஒரு தட்டில் போடும் உழைப்பு. மறு தட்டில் பணம், மரியாதை, வேலை நிலைப்பும் முன்னேற்றமும் என்ற பலன்கள். உழைப்புத் தட்டு தாழ்ந்தே இருந்தால் உடம்பும் மனமும் அடிவாங்கும் என்பது அவர் கருத்து. மறு தட்டில் பணம் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே மதிப்பில்லாமல் வாடுகிறவர்கள் உண்டு.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். நாளையிலிருந்து வேலை பாதியாகிறது, சம்பளமும் மரியாதையும் இன்று இருப்பதேதான்: மூச்சு வருகிறதா? அடுத்து, வேலை இதே அளவு, ஆனால் நியாயமான சம்பள உயர்வும் செய்ததற்குப் பெயரும் கிடைக்கிறது: மூச்சு வருகிறதா? முதல் கேள்விக்கு மட்டும் 'ஆமாம்' என்றால் சோர்வு. இரண்டாவதற்கு மட்டும் என்றால் மனக்குறை. இரண்டுக்கும் என்றால் இரண்டும் இருக்கிறது. அப்போது சோர்வை முதலில் பாருங்கள், சுவர் இருந்தால்தானே சித்திரம். இரண்டுக்கும் 'இல்லை' என்று வந்தால், அந்த வேலையே உங்களுக்கு முடிந்துபோன வேலை. கீழே வரும் கடைசி வழிக்கு நேராகப் போய்விடலாம்.

பத்து நாள் கணக்கு

எந்த வழியானாலும் இதை முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பத்து வேலை நாள், சொந்த நோட்டில். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். நான்கு பத்திகள் போதும்: என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் கொடுத்தது, செய்யாமல் விட்டால் யார் வந்து கேட்பார். கால் மணி நேரத்துக்குக் குறைவானதைக் கூட்டிச் சேர்த்து எழுதுங்கள். மதியம் சாப்பிடப் போகும் முன் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை என்று எழுதிவிட வேண்டும். ராத்திரி உட்கார்ந்து எழுதினால் எரிச்சலூட்டிய வேலை இரண்டு மணி நேரமாகத் தோன்றும், பிடித்த வேலை பத்து நிமிடமாகச் சுருங்கிவிடும்.

பத்தாம் நாள் நான்கு தலைப்பில் கூட்டுங்கள். என் பொறுப்பு. மற்றவருக்குக் கை கொடுத்தது. யாருடையதும் அல்லாத வேலை, அதாவது மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு லாகின் வாங்கிக் கொடுப்பது, விட்டுப்போனவர் ஃபைலைத் தேடுவது மாதிரி. கடைசியாக, நேரம் கழிந்து வரும் மெசேஜ். உதாரணத்துக்கு வாரம் 52 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பொறுப்பு 33, கை கொடுத்தது 8, யாருடையதும் அல்லாதது 6, ராத்திரி மெசேஜ் 5. இந்தக் கணக்கில் குறைக்கக்கூடியது 19 மணி நேரம். அதில் பாதியைக் குறைத்தாலே 43க்கு வந்துவிடலாம், சொந்தப் பொறுப்பில் ஒரு மணி நேரம்கூடக் கை வைக்காமல்.

கணக்கு வேறு மாதிரியும் வரலாம். 52இல் 48 மணி நேரம் சொந்தப் பொறுப்பே என்றால், பேசாமல் குறைத்துக்கொள்ள உங்களிடம் இடமே இல்லை. கொடுத்த வேலையே ஒருவர் தாங்காத வேலை. அதைப் பேசித்தான் தீர்க்க முடியும்.

நேரத்தின் அளவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம்.

வழி 1: பேசாமல் குறைத்துக்கொள்வது

2022இல் சமூக ஊடகங்களில் இதற்கு 'குவைட் க்விட்டிங்' என்று ஒரு புதுப் பெயர் பரவியது. விஷயம் பழையது. இதன் பெரிய பலம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம் என்பது. களைத்துக் கிடக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே.

குறைக்கும் வரிசை முக்கியம். வாரத்துக்கு ஒன்றை மட்டும் விடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டால் அது கோபமாகத் தெரியும், காரணம் விசாரிக்க ஆள் வரும்.

முதல் வாரம் ராத்திரி மெசேஜ். ராத்திரி 9.40க்கு ஒரு மெசேஜ் வருகிறது: "சின்ன வேலைதான், பத்து நிமிஷம், பார்த்துடுங்களேன்." ஃபைலைத் திறந்தால் போன மாத எண்ணோடு இந்த மாத எண் ஒத்துப்போகவில்லை. இன்னொருவருக்குப் போன், அவர் எடுக்கவில்லை, பழைய மெயிலில் தேடல். 10.50க்கு அனுப்பி முடிக்கிறீர்கள். படுத்தாலும் தலைக்குள் அந்த எண்களே ஓடுகின்றன, தூங்கப் பன்னிரண்டு தாண்டுகிறது. அனுப்பியதை அவர் திறந்து பார்ப்பது மறுநாள் பதினொரு மணிக்கு. இனி இதற்குப் பதில் காலை 9.15க்கு: "பார்த்தேன், 11 மணிக்குள் அனுப்புகிறேன்." ஆனால் இரண்டு வருஷம் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டுப் பழக்கிவிட்டு, திடீரென்று காணாமல் போனால் எதிரே இருப்பவர் பதறிப்போவார். ஒருமுறை மட்டும் சொல்லிவிடுங்கள்: "எட்டு மணிக்கு மேல் மெசேஜ் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் கூப்பிடுங்கள்." கூப்பிடும் தொல்லையை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவசரமான வேலை மிகக் குறைவு. சில நாடுகளில் இதற்குச் சட்டமே உண்டு. பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இரண்டாம் வாரம், யாருடையதும் அல்லாத வேலைகள். "யார் பார்க்கிறீர்கள்?" என்று மீட்டிங்கில் கேட்டதும் விழும் அந்த மௌனத்தை நிரப்புவது எப்போதும் நீங்கள்தான். அடுத்தமுறை பத்து வினாடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். யாரோ ஒருவர் எடுப்பார், அல்லது அந்த வேலை தேவையே இல்லை என்று தெரியவரும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில், கை கொடுக்கும் வேலை. 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. ஃபைலை வாங்கி நீங்களே முடித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, "எங்கே மாட்டிக்கொண்டது, காட்டுங்கள்" என்று அவரையே செய்ய வையுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த ஒரே கேள்விக்கு ஒரு பக்கத்தில் வழிமுறை எழுதி வைத்துவிட்டு, அதைக் காட்டுங்கள். "வேலை செய்கிறவனுக்கு வேலையைக் கொடு" என்பது ஆபீஸ்களில் பாதி வேடிக்கையாகச் சொல்லப்படும் பேச்சு, ஆனால் வேலை உண்மையில் அப்படித்தான் நகர்கிறது. தயங்காமல் வாங்கிக்கொள்ளும் கையைத் தேடித்தான் போகிறது.

இனி, இந்த வழியில் எங்கே சறுக்கும் என்று பார்க்க வேண்டும். நிறைய இடங்களில் சறுக்கும்.

அதிகம் பேர் செய்வது, பிடித்த வேலையை முதலில் விட்டுவிடுவது. ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரு பழைய தலைவலியைத் தீர்க்கப் புது யோசனை பார்ப்பது, இவையெல்லாம் யாரும் கேட்காமல் செய்தவை என்பதால் விடுவதும் சுலபம். விட்டபின் மிஞ்சுவது வறட்டு வேலை மட்டும். 'உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை' என்ற மூன்றாவது அடையாளம் அங்கேதான் முற்றும். ஆகவே பிடித்த ஒன்றை, வாரம் இரண்டு மணி நேரமாவது, வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியது பிடிக்காத, கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான்.

அடுத்த தவறு, எண்ணிக்கையைக் குறைக்காமல் தரத்தைக் குறைப்பது. எட்டு வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் மேல் புகார் வரும், புகாரைச் சரிசெய்யவே மறுபடி நேரம் போகும். ஐந்தை ஒழுங்காக முடித்து மூன்றைத் தொடாமல் இருப்பவர் மேல் அவ்வளவு சீக்கிரம் புகார் வராது. தரத்தில் குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று, யாரும் பார்க்காத மெருகு. உள்ளுக்குள் நான்கு பேர் பார்க்கும் அறிக்கைக்கு மூன்றாவது தடவை வண்ணம் மாற்றுவதை விட்டுவிடலாம். கணக்கைச் சரிபார்ப்பதை விடக்கூடாது.

நீங்கள் விட்ட வேலை எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள். மேனேஜர் மேஜையில் விழுந்தால் சரி, ஆள் பற்றாக்குறை அவருக்குத் தெரிய வேண்டியதுதான். பக்கத்து சீட்டில், அதுவும் டீமிலேயே புதியவர் தலையில் விழுந்தால், உங்கள் சுமையை உங்களைவிட எளியவருக்கு மாற்றியிருக்கிறீர்கள். அவரிடம் "இது உன் பொறுப்பு இல்லை, எடுத்துக்கொள்ளாதே" என்று சொல்லி வைப்பது உங்கள் கடமை.

நோயாளி, பயணி, குழந்தை என்று இன்னொருவர் உடம்பும் உயிரும் கையில் இருக்கும் வேலைகளில் இந்த வழிக்கு எல்லை மிகக் குறுகல். செவிலியர் மருந்து அளவை இரண்டாம் முறை சரிபார்ப்பதைக் குறைக்க முடியாது. அங்கே குறைக்கக்கூடியவை கூடுதல் ஷிஃப்ட், கமிட்டி வேலை, விழா ஏற்பாடு, ஒரே தகவலை இரண்டு பதிவேட்டில் எழுதுவது போன்றவை. அவற்றிலும் கடைசியானதை மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

கடைசிச் சிக்கல் மௌனம். தொழிற்சங்கங்கள் 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்டம் நடத்துவது உண்டு. விதியில் உள்ளதை மட்டும் செய்வார்கள், அதற்கு மேல் துரும்பையும் நகர்த்த மாட்டார்கள். அது வேலை செய்வதற்குக் காரணம், எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள், என்ன கேட்கிறோம் என்றும் அறிவித்துவிட்டுச் செய்கிறார்கள். தனி ஆள் சத்தமில்லாமல் செய்யும்போது இந்த இரண்டும் இல்லை. நிர்வாகத்துக்கு உங்கள் செய்தி போய்ச் சேராது, 'இவருக்கு முன்னைப்போல ஆர்வம் இல்லை' என்பது மட்டும் போய்ச் சேரும். மனக்குறை உள்ளவருக்கு இது நேர் எதிரான பலன். மதிப்புத் தராமல் இருந்ததற்கு இதுவரை அவர்களிடம் காரணம் இல்லை. இப்போது நீங்களே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆகவே சோர்வுக்கு இது நல்ல முதலுதவி, மனக்குறைக்கு மோசமான மருந்து. தொடங்கும் நாளிலேயே முடியும் தேதியும் எழுதி வையுங்கள்: அதிகம் போனால் எட்டு வாரம். அதற்குள் தெம்பு திரும்பினால் அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

வழி 2: நேரடியாகப் பேசுவது

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஆபீஸில் அழுதால் மட்டும் போதாது, எதற்கு என்று கணக்கோடு காட்ட வேண்டும்.

சோர்வுக்கான பேச்சும் மனக்குறைக்கான பேச்சும் தனித்தனி மீட்டிங்காக இருக்கட்டும். ஒரே மூச்சில் "வேலை அதிகம், சம்பளம் குறைவு" என்றால், கேட்பவர் இரண்டில் தனக்குச் சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைக் கடந்துவிடுவார். "சம்பளத்தை அடுத்த அப்ரைசலில் பார்க்கிறேன்" என்பதோடு எழுந்துவிடுவார், வேலை அப்படியே இருக்கும்.

சுமையைப் பற்றிப் பேச அரை மணி நேரம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கையில் ஒரே ஒரு பக்கம், பத்து நாள் கணக்கின் சுருக்கம். பேச்சை உங்கள் மனநிலையிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்குங்கள். "எனக்கு முடியவில்லை" என்றால் ஆறுதல் கிடைக்கும். கீழே இருப்பது மாதிரி கேட்டால் முடிவு கிடைக்க வாய்ப்பு அதிகம்:

"இப்போது என் கையில் ஏழு வேலை இருக்கிறது, வாரத்துக்கு 52 மணி நேரம் ஆகிறது. 43 மணி நேரத்தில் ஐந்தைத்தான் ஒழுங்காக முடிக்க முடியும். எந்த இரண்டை நிறுத்தலாம், அல்லது வேறு யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தோன்றுவது இந்த இரண்டு."

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். யோசனையை முழுக்க அவர் தலையில் கட்டினால் "பார்க்கலாம்" என்ற பதில் வரும். பெயர் சொல்லி இரண்டைக் காட்டினால், 'ஆகட்டும்', 'அது வேண்டாம், இதை எடு' என்ற இரண்டில் ஒன்று வரும். அன்றைக்கே நான்கு வரியில் ஒரு மெயில்: பேசியது இது, நிறுத்துவது இந்த இரண்டு, இன்ன தேதியிலிருந்து, முப்பது நாள் கழித்து மறுபடி பார்ப்போம். மெயில் இல்லாத பேச்சு இரண்டு வாரத்தில் ஆவியாகிவிடும். மேனேஜர் மாறினால் அதற்கு முன்பே ஆவியாகிவிடும்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, இரண்டு வேலை போய் வேறு பெயரில் இரண்டு வருவது. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அந்த மெயிலை எடுத்து, "இதை எடுத்தால் ஐந்தில் எது தள்ளிப்போகும்?" என்று ஒரு வரி கேளுங்கள். மூன்று நான்கு தடவை கேட்டால் தருவதற்கு முன்பே அவர் யோசிக்கத் தொடங்குவார்.

மதிப்புக்கான பேச்சில் காலம்தான் பாதி வெற்றி. பல நிறுவனங்களில் சம்பள உயர்வுக்கான தொகை, அப்ரைசல் கடிதம் கைக்கு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒதுக்கப்பட்டுவிடும். கடிதம் வந்தபின் ஆத்திரப்பட்டுக் கேட்டால், மேனேஜர் நல்லவராகவே இருந்தாலும் அவர் கையில் கொடுக்க எதுவும் இருக்காது. ஒதுக்கீட்டுக்கு முன்பே கேளுங்கள். மூன்று விஷயம் மட்டும் எடுத்துப்போங்கள்: இந்த வருஷம் செய்ததில் எண்ணால் சொல்லக்கூடிய மூன்று, இதே வேலைக்கு வெளியில் தருகிற சம்பளம், நீங்கள் கேட்கும் தொகை அல்லது பதவி. பக்கத்து சீட்டுக்காரர் சம்பளத்தை இழுக்காதீர்கள். பேச்சு அவரைப் பற்றியதாக மாறிவிடும்.

'முடியாது' என்று பதில் வந்தால் காரணம் கேளுங்கள். காரணம் தெரிவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. குறைப்பு நடந்த இடங்களில் பொருள் திருட்டு கூடியது. ஆனால் ஏன் குறைக்கிறோம் என்பதை அக்கறையோடு முழுக்க விளக்கிய தொழிற்சாலையில், விளக்காத தொழிற்சாலையைவிடத் திருட்டு குறைவாகவே இருந்தது. அநியாயம் என்று உள்ளே தங்கிவிடுவது எப்படியும் வேறு வழியில் வெளியே வரும். திருடாதவர்களுக்கும் அது கசப்பாகவும் வேலையில் அலட்சியமாகவும் வரும். நேர்மையான காரணமும், எப்போது மறுபடி பார்ப்போம் என்ற தேதியும் கிடைத்தால் காத்திருக்கலாம். இரண்டும் கிடைக்காவிட்டால், அந்த இடத்தில் உங்கள் மதிப்பு என்ன என்பது தெரிந்துவிட்டது. வழி 5க்குத் தயாராகலாம்.

பேசவே கூடாத நேரங்களும் உண்டு. ஆட்குறைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, தகுதிகாண் காலத்தில், முன்பு இப்படிப் பேசியவரை ஓரங்கட்டிய மேனேஜரிடம். அப்போது வழி 1ஐ வைத்து நாளைக் கடத்திக்கொண்டு வழி 4ஐயோ 5ஐயோ பார்ப்பதுதான் பாதுகாப்பு.

வழி 3: லீவு

"பத்து நாள் எங்கேயாவது போய்விட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று அன்போடு சொல்வார்கள். சரியாகும், கொஞ்ச நாளைக்கு. மினா வெஸ்ட்மேன், டோவ் ஈடன் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் இறங்கிய சோர்வு, திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கே ஏறிவிட்டது. வந்து சேரும் வேலை அதேதான் என்றால் லீவு ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

அதற்காக லீவு வீண் என்று அர்த்தம் இல்லை. பேசுவதற்குத் தெம்பே இல்லாத நிலையில் முதலில் லீவு எடுத்து, தெளிந்தபின் வழி 2க்குப் போவது நல்ல வரிசை. முதல் மூன்று நாள் பலருக்குத் தலைவலி, தூக்கம், எரிச்சல் என்றே கழிந்துவிடும். அதனால் ஒரு வாரத்துக்குக் குறைவாக எடுப்பதில் அதிகப் பலன் இல்லை. போகும் முன் ஒரே ஒருவரைப் பொறுப்பாளராகச் சொல்லி, வேலை மெயிலை மொபைலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஓய்வில் மனமும் வேலையை விட்டு விலகுவது முக்கியம் என்பதை உளவியலாளர் சபீனா சொன்னன்டாக்கின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கடற்கரையில் உட்கார்ந்து மெயில் பார்த்தால் அது இடம் மாறிய ஆபீஸ். திரும்பி வரும் நாளை வாரத்தின் நடுவில் வையுங்கள். முதல் இரண்டு நாள் மீட்டிங் எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வழி 4: இடம் மாறுவது, நேரத்தைக் குறைப்பது

கோளாறு ஒரு ஆளிடம் இருந்தால், அதாவது மேனேஜரோ டீமோதான் பிரச்சினை என்றால், அதே நிறுவனத்தில் வேறு டீமுக்கு மாறுவது எல்லா வழியிலும் இழப்புக் குறைந்தது. அனுபவமும் லீவுக் கணக்கும் கையில் இருக்கும். ஆனால் புது டீமில் இருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேசி, அவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்காமல் மாறாதீர்கள். சோர்வு நிறுவனம் முழுக்க இருந்தால் நாற்காலிதான் மாறும்.

வாரத்தில் ஒரு நாள் குறைத்து, சம்பளத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சம்பளம் எண்பது சதவீதம் ஆகும், வேலை நூறு சதவீதமாகவே இருக்கும், ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் திணித்துச் செய்வீர்கள். நாளைக் குறைக்கும் முன் வேலைப் பட்டியலைக் குறையுங்கள். எந்தெந்த வேலை யாருக்குப் போகிறது என்று எழுத்தில் வந்தபின்தான் சம்பளக் குறைப்புக்குக் கையெழுத்து. எந்தக் கிழமை, அன்று மீட்டிங் வந்தால் என்ன, எத்தனை மாதம் கழித்துப் பழையபடி திரும்பலாம் என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். மனக்குறைக்கு இந்த ஏற்பாடு உதவவே உதவாது.

வழி 5: வேறு வேலை

மனக்குறைதான் நோய், வழி 2இல் பதிலும் இல்லை என்றால் இதுதான் மருந்து. ஆனால் களைப்பின் உச்சத்தில் வேலை தேடுவது கடினம். நேர்முகத் தேர்வில் களைப்பு முகத்திலேயே தெரியும், கிடைத்த முதல் ஆஃபரை நிம்மதிக்காகவே ஒத்துக்கொள்ளத் தோன்றும். அப்படிப் போய்ச் சேரும் இடம் பல நேரம் இதைப் போலவே இருக்கும்.

வழி 1இன் உண்மையான பயன் இங்கேதான். அங்கே மீட்ட ஒன்பது மணி நேரத்தில் முதல் மூன்று வாரம் முழுவதும் தூக்கத்துக்கும் ஓய்வுக்கும். அதன்பின் வாரம் ஐந்து மணி நேரம் தேடலுக்கு: விவரக் குறிப்பைப் புதுப்பிக்க, முன்பு கூட வேலை பார்த்தவர்களிடம் பேச, விண்ணப்பிக்க. மீதி நான்கும் ஓய்வாகவே இருக்கட்டும். தேடலுக்கு ஆபீஸ் மெயிலையோ கம்ப்யூட்டரையோ தொடாதீர்கள்.

கையில் ஆஃபர் இல்லாமல் ரிசைன் செய்வதென்றால், குடும்பச் செலவை மாதக் கணக்கில் எழுதிப் பாருங்கள். வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து. ஆறு மாதத்துக்குக் குறைவாகக் கையிருப்பு இருந்தால் பொறுங்கள். இதற்கு விதிவிலக்கு இரண்டு: ஆபீஸில் துன்புறுத்தல் நடக்கிறது, அல்லது உடம்பு எச்சரிக்கிறது. நெஞ்சு வலியோ, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமையோ, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணமோ வந்தால் எந்த ஒப்பீடும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கும் கடைசி எண்ணத்துக்கும் மறுநாள் வரைகூடக் காத்திருக்கக்கூடாது.

ராஜினாமா கொடுத்தபின் திடீரென்று சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்பார்கள். பணம் மட்டும்தான் குறையாக இருந்தது என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு யோசிக்கலாம். மரியாதையோ சுமையோ குறையாக இருந்தால், கூட்டிய சம்பளம் அந்தத் தட்டைத் தொடாது.

எதை எதோடு சேர்ப்பது

சோர்வு மட்டும் என்றால் வழி 1 நான்கு வாரம், உடனே வழி 2. தெம்பே இல்லை என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் வழி 3. மனக்குறை மட்டும் என்றால் வழி 1ஐத் தொடவே வேண்டாம். ஒதுக்கீட்டுக்கு முன் வழி 2, பதில் சரியில்லையென்றால் நேராக வழி 5, அதுவரை வேலையில் குறை வைக்காமல். நல்ல பெயரோடு கிளம்புகிறவருக்குத்தான் பழைய மேனேஜர் நல்ல வார்த்தை சொல்வார். இரண்டும் என்றால் வழி 1ஐ எட்டு வாரம் வைத்து, அந்த எட்டு வாரத்திலேயே 2ஐ முயன்று, 5க்கான தேடலையும் தொடங்கிவிடுங்கள்.

எட்டாவது வார முடிவில் பத்து நாள் கணக்கை இன்னொருமுறை எழுதி, பழைய நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணி நேரமும் குறைந்து தூக்கமும் திரும்பியிருந்தால் அதே அளவில் நிறுத்திக்கொள்ளலாம், இன்னும் வெட்ட வேண்டாம். மணி நேரம் குறைந்தும் களைப்பு போகவில்லை என்றால், காரணம் சுமையே இல்லை. மேலே இருக்கும் இரண்டு கேள்விகளையும் மறுபடி கேட்டுப் பார்த்து, ஒரு மருத்துவரையும் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு நோய் மூன்றுமே வேலைக் களைப்பு மாதிரியே முகம் காட்டக்கூடியவை. மணி நேரமே குறையவில்லை என்றால், 'யார் கொடுத்தது' என்ற பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவரிடம்தான் பேச வேண்டும். 'நானாக' என்பதே அதிகம் வந்தால், அந்த வேலைகளில் ஒன்றை நாளைக்குச் செய்யாமல் விட்டுவிட்டு, யார் வந்து கேட்கிறார் என்று ஒரு வாரம் பாருங்கள்.